கசெட்டின் முன்பக்கம்

ஓட்டிசம், சிலர் ஆட்டிசம் என்பார்கள், அந்தச் சொல்லைத் திருகோணமலைக்கு முதன்முதலில் கொண்டுவந்தவன் நான்தான். வெளிநாடு போனவர்கள் ரேடியோ கொண்டுவந்தார்கள், கம்பளிப் போர்வை கொண்டுவந்தார்கள், சென்ட் போத்தல் கொண்டுவந்தார்கள். அதெல்லாம் யாரும் கொண்டுவரலாம். நான் குவைத்திலிருந்து ஒரு சொல்லை அனுப்பினேன். அது வந்து சேர்ந்த பிறகுதான் என் மனைவி வயிறு நிறையச் சாப்பிட்டாள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை என்றால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் கடைசி வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட உள்துறைமுகத்து இறங்குதுறையில் இருந்ததுதான் கூட. வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது எனக்கு மீசை அரும்பவில்லை. எண்ணெய்த் தகரம் தூக்கினேன், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், பிறகு ஸ்பானர் பிடித்தேன், கடைசியில் மற்றவனை ஸ்பானர் எடுத்துத் தரச் சொல்லும் இடத்துக்கு வந்தேன். மூதூருக்குச் சனம் ஏற்றி ஓடிய லாஞ்சுப் படகுகளில் நான் நெஞ்சைத் திறந்து பார்க்காத இன்ஜின் இல்லை. கரையில் நின்று சத்தத்தைக் கேட்டே எந்தச் சிலிண்டர் இழுக்கவில்லை என்று சொல்வேன். ஓர்ஸ் ஹில்லில் இருந்த அரசாங்கக் கந்தோர் ஐயாமார்கூடத் தங்கள் கார் இருமினால் எனக்குத்தான் ஆளனுப்புவார்கள்.

அப்படிப்பட்ட எனக்கு என் சொந்த மகன் ஏன் பேசவில்லை என்று மட்டும் தெரியவில்லை.

மூத்தவன். பார்க்க ராசா மாதிரி இருப்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். காது கேளாத பிள்ளை என்றார்கள். பின்னால் நின்று தகரத்தை அடித்துப் பார்த்தார்கள், அசையவில்லை. ஆனால் என் லாஞ்ச் முனையைச் சுற்றி வரும்போது, இன்னும் கண்ணுக்கே தெரியாத தூரத்தில், எழும்பி வாசலுக்கு ஓடுவான். மற்ற லாஞ்சுகளுக்கு ஓட மாட்டான். செவிட்டுப் பிள்ளை என் இன்ஜினை எப்படி இனம் கண்டது? சுழலுகிற எதைக் கண்டாலும் அவனுக்குச் சொர்க்கம். தண்ணீர்ப் பம்ப் ஓடினால் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, யாரோ அவனுக்கு மட்டும் கதை சொல்வதுபோல முகத்தை வைத்திருப்பான். மாதா கோயில் மணி அடித்தால் மட்டும் அலறுவான். அதனால் என் மனைவி பூசைக்கு உள்ளே போவதை விட்டு, ஞாயிறுகளில் அவனோடு வெளியே வேப்பமரத்தடியில் நின்றாள்.

பாலையூற்று மாதாவுக்கு நேர்த்தி வைத்தோம். கிண்ணியாவில் ஓதித் தந்த தண்ணீர் கொண்டுவந்து குடிக்கக் கொடுத்தோம். டொக்டர்மாரிடமும் போனோம். "சில பிள்ளைகள் சுணங்கித்தான் கதைக்கும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

என் மனைவி என் தாய்மாமன் மகள். எங்கள் வேதத்தில் அவ்வளவு கிட்டின சொந்தத்தில் கட்டுவதென்றால் ஆயரிடம் விசேஷ அனுமதி வாங்க வேண்டும். முறையாக வாங்கித்தான் கட்டினோம். ஆனால் என் அக்காவுக்கு, என் மனைவி மச்சாள் என்று கூப்பிடுகிறவளுக்கு, அந்தக் கலியாணம் தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாத என்னை வளர்த்தவள் அவள்தான். அதனால் அவள் வாயை அடைக்க யாருக்கும் துணிவில்லை, எனக்கும்தான்.

"ஆண்டகை அனுமதி குடுத்தது கடதாசியிலதான்ரா தம்பி. ரத்தம் குடுத்ததோ?" என்பாள்.

இன்னொரு நாள் இன்னொரு காரணம் வரும். "வயித்தில பிள்ளையோட இருக்கேக்கை, நேவிக்காரன் பீரங்கி வெடிக்கிறதைப் பாக்க இவள் என்னத்துக்குப் போனவள்?" அல்லது, "தாய் கொஞ்சிக் கதைச்சால்தானே பிள்ளை கதைக்கும்? இவள் கல்லுப்போல இருந்தால் அது ஆரைப் பாத்துப் படிக்கும்?"

என் மனைவி கல் இல்லை. கலியாணம் கட்டின புதிதில் அவள் சிரித்தால் பக்கத்து வளவுக்குக் கேட்கும். அக்காவின் கதைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் அவள் கல்லானாள்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்து ஆட்கள் அரபு நாடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். நானும் போனேன். குவைத்தில் ஒரு பெரிய முதலாளியின் லாஞ்சுகளுக்கு மெக்கானிக். மற்றவர்கள் வெளியில் சிமெந்து சுமந்தபோது எனக்குத் தனிக் கொட்டகை, மின்விசிறி, கீழே வேலை செய்ய ஆட்கள். முதல் கிழமையே, மூன்று பேர் கைவிட்ட இன்ஜினை ஓட வைத்தேன். அதை இங்கே விரித்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.

அந்தக் காலத்தில் வீட்டோடு பேசுவது கசெட்டில்தான். எழுத்து எனக்கு ஒத்துவராது. லீவில் போகிறவரிடம் கசெட்டைக் கொடுத்துவிட்டால் வீட்டில் சேர்த்துவிடுவார். எங்கள் ஆட்களிடம் அதற்கு ஒரு ஒழுங்கு இருந்தது. கசெட்டின் முன்பக்கம் எல்லாருக்கும். அது வந்தால் அக்கம்பக்கத்து அயலட்டை முழுக்க வீட்டில் கூடும், நல்ல கதிரையில் மூத்தவர்கள் இருப்பார்கள், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பொத்தானை அமத்துவார்கள். மறுபக்கம் மனைவிக்கு மட்டும். அதை அவள் சனம் போன பிறகு, சத்தத்தைக் குறைத்து, காதோடு வைத்துக் கேட்பாள். முன்பக்கம் முடிந்ததும் பெட்டியை மூடிவிட வேண்டும். மறுபக்கத்தைப் போடச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள். அவ்வளவு மரியாதை.

நான் முன்பக்கத்தில் என் நிலையைக் கொஞ்சம் உயர்த்தியே சொல்லி வந்தேன். முதலாளி என் தோளில் கை போடுவார், பெரிய டொக்டர்மாரெல்லாம் எனக்குப் பழக்கம் என்று. டொக்டர் ஒருவரின் மீன்பிடிப் படகுக்கு ஒருமுறை பெல்ட் மாற்றிக் கொடுத்தது உண்மை.

லீவில் நத்தார்ப் பெருநாளுக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போன பிறகு வீட்டிலிருந்து ஒரு கசெட் வந்தது. முன்பக்கத்தில் வழமைபோல அக்கா, தனக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனாள். மறுபக்கத்தைப் போட்டேன். என் மனைவியின் குரல்.

"அத்தான், நான் முழுகாமல் இருக்கிறன்" என்றாள். நான் கொட்டகையில் தனியே நின்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மச்சாள் சொல்லுறா, இதுவும் இப்பிடித்தான் வருமாம். ஒரே ரத்தமாம். எனக்குச் சோறு இறங்குதில்லை அத்தான். உங்களுக்கு அங்கை பெரிய டொக்டர்மாரைத் தெரியும் எண்டு சொன்னனீங்கள்தானே. ஆரையாவது கேட்டுச் சொல்லுங்கோ. நான் என்ன பிழை செய்தனான் எண்டு மட்டும் கேளுங்கோ."

நான் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். பிழையைக் கண்டுபிடிப்பதுதானே என் தொழில். ஆனால் இதை எங்கே போய் யாரிடம் கேட்பது? எனக்குத் தெரிந்த குவைத் கொட்டகையும் கடலும்தான்.

கர்த்தர் ஒரு வெள்ளிக்கிழமையில் வழி காட்டினார். வெள்ளியில் கொட்டகைக்கு யாரும் வர மாட்டார்கள். நான் மட்டும் ஒரு இன்ஜினை ஓடவிட்டுச் சோதித்துக்கொண்டிருந்தேன். முதலாளி உள்ளே வந்தார், அவர் கையைப் பிடித்தபடி அவருடைய மகன். அவருக்கு இப்படி ஒரு மகன் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பிள்ளை தகப்பனின் கையை உதறிவிட்டு நேரே இன்ஜினடிக்கு வந்து, சுழலும் சக்கரத்துக்கு முன்னால் குந்தினான். பிறகு இன்ஜின் உடம்பில் உள்ளங்கையை வைத்தான். அந்த முகத்தை எனக்குத் தெரியும். யாரோ அவனுக்கு மட்டும் கதை சொல்கிற முகம்.

முதலாளி பதறிப்போய் அவனை இழுக்க வந்தார். நான் கையைக் காட்டி மறித்தேன். "அந்தப் பக்கம் சூடில்லை, முதலாளி. விடுங்கள். இன்ஜின் நிற்கும்வரை எழும்ப மாட்டான்" என்றேன். அரபு கொஞ்சம், ஹிந்தி கொஞ்சம், கப்பல் இங்கிலீசு கொஞ்சம் என்று எங்களுக்குள் ஒரு பாஷை இருந்தது.

"உனக்கெப்படித் தெரியும்?"

"என் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான்."

அவர் வெள்ளை அங்கியோடு அப்படியே எண்ணெய் பீப்பாவின்மேல் உட்கார்ந்துவிட்டார். அங்கி பாழானதைப் பார்க்கவேயில்லை.

"பேசுவானா?"

"இல்லை."

"பெயர் சொன்னால் திரும்புவானா?"

"இல்லை. இன்ஜின் சத்தத்துக்குத் திரும்புவான்."

"உன் மனைவி உனக்கு என்ன உறவு?"

"மாமன் மகள்."

"எனக்குச் சித்தப்பன் மகள்" என்றார்.

நான் என்னை அறியாமல் வாயில் கை வைத்துவிட்டேன். "ஐயோ முதலாளி, எங்கள் ஊரில் அது தங்கச்சி முறை! கட்டினால் கல்லால் எறிவார்கள்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். பிள்ளை எங்கள் இருவரையும் கவனிக்கவேயில்லை, அவனுக்கு இன்ஜின் போதும். சிரித்து முடிந்ததும் முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: தாய் அவரை இரண்டாவது பெண் கட்டச் சொல்கிறாளாம், மனைவி கண்ணேறு பட்டவளாம், வீட்டுக்கு ஆட்கள் வந்தால் பிள்ளையை மேல்மாடியில் வைத்துப் பூட்டுகிறார்களாம். "குவைத் முழுக்க என் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்தேன்" என்றார்.

"நான் திருகோணமலை முழுக்க என் வீட்டில் மட்டும் என்று நினைத்தேன், முதலாளி."

அடுத்த கிழமை அவர் பிள்ளையை இங்கிலாந்தில் படித்த ஒரு எகிப்து டொக்டரிடம் காட்டப் போனார். என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார். "உன்னுடையதையும் கேள்" என்றார். இதைத்தான் நான் தோளில் கை போட்டதாகச் சொல்கிறேன். இனி யாரும் மறுக்க ஏலாது.

டொக்டர் பிள்ளையோடு வெகுநேரம் தரையில் இருந்தார். ஒரு மேசை விசிறியைப் போட்டுவிட்டு அவன் பார்ப்பதைப் பார்த்தார். பிறகு எழும்பி ஒரு சொல்லைச் சொன்னார். ஓட்டிசம். நான் அதைத் திருப்பிச் சொல்லிப் பழகினேன். அப்போதே எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பெயருள்ள பழுது என்றால் வேறு யாரோ அதை முன்னமே பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

என் முறை வந்ததும் என் மகனைப் பற்றிச் சொன்னேன். டொக்டர் தலையாட்டிக் கேட்டார். பிறகு அவள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன்.

"டொக்டர், என் மனைவி என்ன பிழை செய்தாள்?"

"ஒன்றும் செய்யவில்லை."

"பீரங்கிச் சத்தம்?"

"இல்லை."

"கொஞ்சிப் பேசாதது?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தாயின் மனம் குளிர்ந்துபோனதால்தான் என்று புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நானும் படித்தேன். நான் பார்த்த தாய்மாரில் ஒருத்திகூடக் குளிர்ந்தவள் இல்லை. எல்லாரும் எரிந்துகொண்டிருக்கிறார்கள்" என்றார்.

"அப்போ ஒரே ரத்தம்?"

முதலாளியும் கதிரை நுனிக்கு வந்துவிட்டார்.

"இங்கே சொந்தத்தில் கட்டாத வீடு குறைவு. அதனால் என்னிடம் வருகிற பிள்ளைகளிலும் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள்தான் கூட. சொந்தமே இல்லாத தாய் தகப்பனின் பிள்ளைகளும் வருகிறார்கள். கிட்டின ரத்தத்தில் வேறு சில வியாதிகள் வரும், அது உண்மை. இந்த விஷயத்துக்கு அதுதான் காரணமா என்றால், எனக்குத் தெரியாது. இன்றைக்கு யாருக்கும் தெரியாது."

"அடுத்த பிள்ளையும் இப்படி வருமா?"

"பெரும்பாலும் வராது. ஆனால் சத்தியம் பண்ண மாட்டேன்."

"அரபு நாட்டில் இப்படி எத்தனை பிள்ளைகள் டொக்டர்?"

அவர் முதலாளியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மேல்மாடிகளில் பூட்டி வைத்தால் யார் எண்ணுவது?"

முதலாளி தலை குனிந்தார். திரும்பும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, கடற்கரை வழியாகக் காரை ஓட்டச் சொன்னார். அவர் இரண்டாவது பெண் கட்டினாரா என்று கேட்பீர்கள். நான் அங்கே இருந்தவரைக்கும் கட்டவில்லை.

மூதூர்க்காரர் ஒருவர் அன்றைக்கே லீவில் புறப்படவிருந்தார். நான் ஓடிப்போய்ப் புதுக் கசெட்டைப் போட்டு, உள்ளே கொதித்ததையெல்லாம் கொட்டினேன். ஒரு பக்கம் முழுக்க அவளுக்கு. பிறகு திருப்பிப் போட்டு, அக்காவுக்கும் அயலட்டைக்கும் சுகம் விசாரித்து, ஓட்டமாய் ஓடிக் கொடுத்துவிட்டு வந்தேன். விமானம் போன பிறகு, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் எடுத்த நேரம்தான் தலையில் இடி விழுந்தது. முதலில் பேசியதல்லவா முன்பக்கம்! அவளுக்குச் சொன்னதெல்லாம் முன்பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறது.

பதில் வரும்வரைக்கும் எனக்கு வேலை ஓடவில்லை. ஓர் இன்ஜினுக்கு எண்ணெய் விடாமல் பூட்டியவன் நான். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தப் பக்கத்தில் நான் அக்காவையும் திட்டியிருந்தேன். அதற்குப் பழி யார் தலையில் விழும்? நானோ கடலுக்கு அப்பால். அவள்தான் அங்கே, வயிற்றில் பிள்ளையோடு, அக்காவின் கண் முன்னால்.

பதில் கசெட் வந்தது. முன்பக்கத்தில் அக்கா.

"தம்பி, நீ சொன்ன கதை எல்லாத்தையும் சபையில இருந்து கேட்டம். கோயில் உபதேசியாரும் கேட்டவர். எனக்கு லாஞ்சுக்கும் தோணிக்கும் வித்தியாசம் தெரியாதாம், ரத்தத்தைப் பற்றி என்ன தெரியுமெண்டு கேட்டனி. நல்லது. வளத்ததுக்குக் கூலி கிடைச்சுது. அந்த எகிப்துக்காரன் உவ்வளவு கெட்டிக்காரனெண்டால் என்ரை முழங்கால் நோவுக்கும் ஒரு மருந்து கேட்டு அனுப்பு." அதோடு டொக் என்று நின்றுவிட்டது.

மறுபக்கத்தைப் போட்டேன். முதலில் கேட்டது சிரிப்பு. எத்தனையோ வருடமாகக் கேளாத சிரிப்பு. பக்கத்து வளவுக்கே கேட்டிருக்கும்.

"என்ன வேலை அத்தான் பாத்தனீங்கள்! முன்வீடு நிறையச் சனம். மச்சாள் நல்ல கதிரையில. அமத்தின உடனை, 'இஞ்சை பாரும் என்ரை குஞ்சு' எண்டு உங்கடை குரல். உபதேசியார் தேத்தண்ணியைச் சட்டையில ஊத்திப்போட்டார். பெண்டுகள் எல்லாம் வாயைப் பொத்திச் சிரிக்குதுகள். மச்சாள் 'நிப்பாட்டு, நிப்பாட்டு, இது மறுபக்கம்' எண்டு எழும்பினவ. எனக்கு எங்கையிருந்து துணிவு வந்ததோ தெரியாது. பெட்டிக்கு மேல கையை வைச்சுக்கொண்டு, 'மச்சாள், இது எனக்கு வந்த கதை. ஓடட்டும்' எண்டன்."

ஓடவிட்டிருக்கிறாள். பீரங்கி இல்லை, கொஞ்சாதது இல்லை, அவள் செய்த பிழை ஒன்றுமில்லை என்று நான் சொல்லச் சொல்ல, சனம் பெட்டிக்குக் கிட்ட நகர்ந்து வந்ததாம். அக்காவைப் பற்றிய இடம் வந்ததும் அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாளாம். பின்கதவால் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"கசெட் முடியேக்கை ஒரு தட்டு நிறையச் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்து என்ரை மடியில வைச்சா. 'டொக்டர் சொல்லிப்போட்டானாம். தின்னு' எண்டா. அவ்வளவுதான் சொன்னவ. நான் முழுக்கத் திண்டனான் அத்தான். பேந்தும் கேட்டு வாங்கித் திண்டனான்."

கடைசியில் அவள் குரல் தணிந்தது. "அடுத்ததைப் பற்றிச் சத்தியம் பண்ண ஏலாதெண்டு டொக்டர் சொன்னவரெல்லே, அது எனக்குப் பெரிய ஆறுதல். இஞ்சை எல்லாரும் தெரியும் தெரியுமெண்டல்லோ சொன்னவை. ஒருத்தராவது தெரியாதெண்டு சொன்னாரே. எப்பிடி வந்தாலும் வரட்டும். இனி நான் மரத்தடியில நிக்கமாட்டன். பிள்ளை கத்தினால் கத்தட்டும், ஆண்டவருக்குக் கேக்கட்டும்."

என் பிழைகூடச் சரியாகத்தான் போய் முடியும் என்று நான் சொன்னால் இப்போதும் வீட்டில் முறைப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். மறுபக்கத்தில் சொல்லியிருந்தால் அவள் ஒருத்திதான் கேட்டிருப்பாள். அடுத்த நாளும் அக்கா அதே கதையோடு வந்திருப்பாள்.

அதன் பிறகுதான் இன்னொரு வேடிக்கை நடந்தது. அன்றைக்குக் கேட்டவர்கள் வாய் சும்மா இருக்குமா? கிளிவெட்டியிலிருந்து ஒரு பெண் தன் பிள்ளையைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, லாஞ்சேறி எங்கள் வீட்டுக்கு வந்தாளாம், அந்தக் கசெட்டைக் கேட்க. அவளும் சொந்தத்தில் கட்டினவள். பிறகு குறிஞ்சாக்கேணியிலிருந்து ஒரு முஸ்லிம் தகப்பன், தோளில் மகளோடு. அவர் மனைவி அவருக்குச் சொந்தமே இல்லையாம், எங்கோ மட்டக்களப்புப் பக்கமாம். டொக்டர் சொன்னதுபோலவே இரண்டு விதமும் வந்தது. ஊர் முழுக்கத் தங்கள் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்கள் எங்கள் முன்வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். என் குரலைக் கேட்டார்கள். "என்ரை குஞ்சு" என்ற இடம் வந்தால் மட்டும் என் மனைவி இருமுவாள்.

இரண்டாவதாகப் பிறந்தது பெண் பிள்ளை. பிறந்து கொஞ்ச நாளில், அக்கா யாருக்கும் தெரியாமல் தொட்டிலுக்குப் பின்னால் நின்று தகரத்தை அடித்துப் பார்த்திருக்கிறாள். பிள்ளை வீறிட்டது. ஓடிவந்த என் மனைவி, "மச்சாள், அதை எறியுங்கோ. இவள் எப்பிடி இருந்தாலும் என்ரை பிள்ளைதான்" என்று தகரத்தைப் பறித்துவிட்டாளாம். அந்த மகளுக்கு இப்போது வாய் மூடாது. கதையில் என்னையே வெல்லுவாள், அது லேசான காரியமில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஒரேயடியாக ஊருக்கு வந்தேன். மகன் என்னைக் கண்டு ஓடி வரவில்லை. நான் லாஞ்சில் வரவில்லையே, பஸ்ஸில் அல்லவா வந்தேன். ஆனால் பொழுது சாயும் நேரம் வந்து, என் பக்கத்தில் நின்று, என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தான். ஓடுகிறதா என்று பார்த்தான்போல. ஓடியது, நன்றாகவே ஓடியது.

கசெட் பெட்டிக்குப் பொறுப்பு அவன்தான். சனம் வந்தால் அவன்தான் பொத்தானை அமத்துவான், வேறு யாரையும் தொட விடமாட்டான். அவனுக்கு என் கதையில் அக்கறையில்லை. கசெட்டுக்குள் இரண்டு சில்லுச் சக்கரமும் சுழலுவதுதான் அவனுக்கு வேண்டும். சனம் வராத நாளிலும் அந்த ஒரு கசெட்டையே ஓடவிட்டு, சுற்றி, மறுபடி ஓடவிட்டு, நாடாவைத் தேய்த்துவிட்டான். டொக்டர் சொன்னதெல்லாம் கரைந்து இரைச்சலாகிவிட்டது. என் குரல் இவ்வளவு தேய்ந்ததை வேறு யாராவது செய்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

புதிதாக ஒன்று பேசிப் பதியட்டுமா என்று மனைவியைக் கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள். "வாறவைக்கு இனி நானே சொல்லுவன்."